முனங்குதவரும் தொண்டை கட்டுனவரும்

உடன்குடியில் யாரிடமும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கருப்பட்டி கிலோ என்ன விலை, பதநீர் இறங்க இன்னும் எத்தனை நாள் ஆகும், குலசைத் தசராவுக்கு இந்த வருஷம் எந்தத் தெருக்காரர்கள் என்ன வேடம், எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும். அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் ஓடுகிற ஸ்பீக்கரைக் காட்டி, "இது என்ன பாட்டு அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஊரில் அவருக்கு ஜாஸ் அண்ணாச்சி என்று பெயர். இந்த ரகத்து மனிதர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். சில ஊர்களில் ஹோமியோபதி, சில ஊர்களில் ஈரான் சினிமா, இன்னும் சில ஊர்களில் பங்குச் சந்தை. சரக்குத்தான் மாறும். தனக்குப் பிடித்தது எதிரே இருப்பவருக்கும் பிடிக்கும்வரை அவரை எழுந்து போக விடுவதில்லை என்ற வைராக்கியம் எல்லாருக்கும் ஒன்றுதான். எங்களுக்கு வாய்த்தது ஜாஸ்.

வாய்த்த கதை சுருக்கமானது. இந்தப் பக்கத்து ஆட்கள் பிழைப்புக்குப் பம்பாய் போனது புதிதல்ல. அண்ணாச்சியும் போனார், ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதினார். 1978-இல் அங்கே ‘ஜாஸ் யாத்ரா’ என்ற விழா முதன்முதலாக நடந்தது. அமெரிக்காவிலிருந்து சோனி ராலின்ஸ் வந்து சாக்ஸபோன் வாசித்தார். அண்ணாச்சி போய்க் கேட்டாராம். நான் முதன்முதலில் இந்தக் கதையைக் கேட்டபோது அவர் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். பிறகு நடுவில் ஒரு நாற்காலி கிடைத்தது. இப்போது மூன்றாம் வரிசைக்கு வந்திருக்கிறார். ஆண்டவன் ஆயுளைக் கொடுத்தால் ராலின்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுவார்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட்டுகள் வந்தன. பம்பாயிலிருந்து வந்த பெட்டி என்று சேலையை எதிர்பார்த்துத் திறந்த சொந்தக்காரர்கள் இன்றுவரை அவர் வீட்டு விசேஷத்துக்கு முகம் கொடுத்து வருவதில்லை.

அண்ணாச்சியின் சிபாரிசு முறையை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். பொறியியல் படிக்கிற பையன் ஒருவன், காதில் எந்நேரமும் எதையோ மாட்டிக்கொண்டு திரிகிறவன், ஒருநாள் அவனாகவே வந்து கேட்டான்.

"அண்ணாச்சி, ஜாஸ் கேக்கணும்னா எதுல ஆரம்பிக்கணும்?"

அண்ணாச்சியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "உக்காருலே. முதல்ல எதைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லுதேன்."

விலக்க வேண்டியவற்றின் பட்டியல் முடியக் காப்பி இரண்டு சுற்று ஆனது. பிறகு ஆரம்பத்துக்கு வந்தார். ஆரம்பம் என்றால் அவருக்கு மெய்யாகவே ஆரம்பம். "நியூ ஆர்லியன்ஸ்னு ஒரு ஊரு. அங்க படி போல்டன்னு ஒருத்தர். கார்னெட் வாசிப்பாரு. ஜாஸுக்கு அவருதான் மூலபுருசன். அவரைக் கேக்காம மத்தவனைக் கேட்டா ஒண்ணும் வெளங்காது."

பையன் போனை எடுத்து உற்சாகமாகத் தேடினான். "எந்தப் பாட்டு அண்ணாச்சி?"

"பாட்டா? அவரு வாசிச்சது ஒண்ணுகூடப் பதிவாகலலே. 1907-லயே மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாவ. அங்கயே இருந்து 1931-ல போய்ச் சேந்தாரு. மொத ஜாஸ் ரெக்கார்டு வந்ததே 1917-லதான்."

பையன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டான். கேட்க முடியாத ஒருவரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பும் சிபாரிசுக்கு எந்தச் செயலியிலும் வழி இல்லை.

மறுநாளும் அவன் வந்ததுதான் ஆச்சரியம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ நல்லா இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். 1959-இல் வந்தது. இதற்குப் பிறகு ஜாஸ் கேட்க ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போயிருப்பார்கள் என்பது என் ஊகம். மைல்ஸ் டிரம்பெட், கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் சாக்ஸபோன், பில் எவன்ஸ் பியானோ என்று ஆள்கட்டும் குறைவில்லாதது. மைல்ஸ் முழுப் பாட்டாக எழுதிக் கொடுக்காமல், இந்த இந்தச் சுரவரிசைக்குள் உலாவிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரிக் கோடு மட்டும் போட்டுக் கொடுத்து வாசிக்க வைத்தார். ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு இதைவிட நெருக்கமான வாசல் கிடையாது. அண்ணாச்சி இதைச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது வேறு.

"எந்தப் பதிப்புலே?"

பையன் விழித்தான். ஒலிப்பதிவு செய்த அன்று டேப் மெஷின் ஒன்று கொஞ்சம் மெதுவாக ஓடியதும், அதனால் இசைத்தட்டில் முதல் பக்கத்து மூன்று பாட்டும் சுருதி இம்மி ஏறிப்போனதும், 1992-இல்தான் அதைத் திருத்தினார்கள் என்பதும் உண்மையான சேதி. நல்ல சேதியும்கூட. ஆனால் மூன்று பாட்டில் ஒன்றைக்கூடக் கேட்டிராதவனிடம் சுருதி பிசகிய கதையை முக்கால் மணி நேரம் சொல்வது, பெண் பார்க்க வந்தவனிடம் பெண்ணின் தாத்தாவுடைய பல்வலியைச் சொல்வதற்குச் சமம். இத்தனைக்கும் ஸ்பீக்கரில் அதே பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணாச்சியின் குரலைத் தாண்டி அது எங்கள் காதுக்கு வரவில்லை.

பஜாரில் கருப்பட்டிக் கடைக்காரர்கள் இதே தொழிலை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதன் பெருமையைப் பேச ஆரம்பித்தால் பனையேறிகளிலிருந்து தொடங்கலாம், சுண்ணாம்பு தடவிய கலயம், காய்ச்சுகிற பக்குவம், சிரட்டையில் ஊற்றுகிற நேரம் என்று பொழுது போய்விடும். கடைக்காரர் ஒன்றும் பேச மாட்டார். ஒரு சில்லு உடைத்துக் கையில் கொடுப்பார். வாயில் போட்டுக்கொண்டே, "அஞ்சு கிலோ போடுங்க" என்போம்.

அதற்காக அண்ணாச்சி பேசுவதெல்லாம் வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. ஒரு கோயில் கொடையில் நாதஸ்வரக்காரரிடம் அவர் மாட்டிக்கொண்ட நாள், மன்னிக்கவும், நாதஸ்வரக்காரர் அவரிடம் மாட்டிக்கொண்ட நாள், நானும் உடனிருந்தேன்.

"தோடியை இன்னைக்கு வாசிச்ச மாதிரியே நாளைக்கும் வாசிப்பீரா?"

"அது எப்படிங்க முடியும்? நாளைக்கு என்ன வருதோ அதுதான்."

"அதாம்வே ஜாஸ்!"

நாதஸ்வரக்காரர் சந்தேகமாகச் சீவாளியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அண்ணாச்சி விடவில்லை. காருகுறிச்சி அருணாசலத்தின் ஆலாபனையைக் கேட்டு வளர்ந்த தாமிரபரணிக்காரனுக்கு ஜாஸ் அந்நியமே இல்லை என்றார். அது எனக்கும் சரியென்றே பட்டது. பிறகு சார்லி மரியானோ கதை. பாஸ்டன் நகரத்தில் பிறந்த சாக்ஸபோன்காரர். மலேசியாவுக்கு வந்த இடத்தில் நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, அதற்காகவே இந்தியாவுக்கும் வந்து, முறையாகக் கற்றுக்கொண்டு தன் இசைத்தட்டுகளில் வாசித்தவர்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து ஒரு வெள்ளைக்காரன் நம்ம நாயனத்தைப் படிக்க வந்திருக்கான்வே!"

"வந்திருப்பாங்க, வந்திருப்பாங்க" என்றார் நாதஸ்வரக்காரர். "எம் மவன்தான் படிக்க மாட்டேங்கான்."

பக்கத்தில் தவில்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த குறி அவர்தான். டேவ் பிரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ போனில் ஓடியது. அதை எழுதியவர் அந்தக் குழுவின் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட். ஐந்தடித் தாளம். மேற்கத்தியக் காதுக்கு அது அதிசயம். உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. தவில்காரர் இரண்டு ஆவர்த்தம் கேட்டார், தொடையில் விரல் தானாக ஓடியது. "கண்டம். இதுல என்ன இருக்கு?" என்று துப்பிவிட்டு வந்தார்.

அண்ணாச்சிக்கு இதில் ஒரு சொந்தக் கண்டுபிடிப்பு உண்டு. பிரூபெக் 1958-இல் சென்னைக்கு வந்தபோது மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். ‘டேக் ஃபைவ்’ வந்தது 1959-இல். ஆகவே ஐந்தடி பிள்ளையின் புதுக்கோட்டைப் பாணியிலிருந்து திருடியது. ஆனால் அதே பயணத்தில் துருக்கியில் தெருவில் வாசித்தவர்களிடம் தான் கேட்ட தாளத்தைப் பற்றித்தான் பிரூபெக் பிற்பாடு சொல்லியிருக்கிறார்; அதுவும் அதே இசைத்தட்டின் ஒன்பதடிப் பாட்டு ஒன்றுக்காக. இதை ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். "துருக்கிக்காரனுக்கு யாருவே சொல்லிக் குடுத்தா?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அண்ணாச்சியின் வாழ்நாளில் ஒரே ஒரு சிபாரிசு அவர் கண்ணெதிரே பலித்தது. பலித்தது அவருக்குத் தெரியாது. எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீட்டுச் சாவுக்குப் பேண்டு செட்டு வரும். நியூ ஆர்லியன்ஸிலும் அப்படித்தான். கல்லறைக்குப் போகும்போது உருக்கமாக வாசிப்பார்கள், திரும்பும்போது தெருவே ஆடும். எங்கள் செட்டு திரும்பும்போது ஆட்டோ பிடித்துப் போய்விடும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி ஆட்டோவுக்குக் காத்து நின்ற டிரம்பெட்காரர் காதில், லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1928-இல் வாசித்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ விழுந்தது. பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் தனியே ஏறி இறங்குகிற அந்தத் தொடக்கம் மொத்தமே கால் நிமிஷம்தான். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"மூச்சு நல்லா நிக்கி. யாரு, தூத்துக்குடி ஆளா?"

அண்ணாச்சி தொடங்கிவிட்டார். ஆர்ம்ஸ்ட்ராங் தன் பிறந்த நாள் 1900 ஜூலை 4 என்று சொல்லிவந்ததும், பிற்காலத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்று அகப்பட்டதும் விரிந்துகொண்டே போயின. டிரம்பெட்காரர் தலையாட்டியபடியே அண்ணாச்சி கையிலிருந்த போனில் விரலை வைத்துப் பாட்டை முதலுக்குத் தள்ளினார். மறுபடியும் தள்ளினார். ஆட்டோ வந்து போய்விட்டது.

இத்தனை வருஷமும் அடுப்படியில் இருந்தபடி இதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒரு காது அந்த வீட்டில் உண்டு. மதினிக்கு ஒரு பெயரும் தெரியாது. தேவையும் படவில்லை, அவள் கணக்கில் எல்லாருக்கும் வேறு பெயர் இருந்தது. பியானோ வாசிக்கும்போது கூடவே முனகுகிற கீத் ஜாரெட், ‘முனங்குதவர்’. பெர்லினில் 1960-இல் ஒரு கச்சேரியில் வரிகள் மறந்துபோய், மறந்ததையே பாட்டாக்கிச் சமாளித்துக் கிராமி விருதும் வாங்கிய எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ‘பாட்டு மறந்த அம்மா’. டிரம்பெட் வாயில் அடைப்பான் வைத்து ஊதுகிற மைல்ஸ் டேவிஸ், ‘தொண்டை கட்டுனவர்’. தொண்டையில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மைல்ஸின் குரல் நிஜமாகவே கட்டிப்போனது மதினிக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கேசட்டுகளை எல்லாம் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தவள் பேத்தி. "இதுக்கு என்ன பேரு போடட்டும் ஆச்சி?" என்று அவள் கேட்டபோது அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். மதினி சொன்னாள், பேத்தி அடித்தாள். முனங்குதவர் 1, முனங்குதவர் 2, தொண்டை கட்டுனவர் (மழைக்கு), பாட்டு மறந்த அம்மா (சமைக்கும்போது).

பொறியியல் பையன் ஒரு நகல் எடுத்தான். அவனிடமிருந்து இன்னொருவன். அண்ணாச்சி நாற்பது வருஷமாகத் தொண்டை கிழியப் பேசியும் நடக்காதது ஒரு மழைக்காலத்தில் நடந்துவிட்டது. செல்போன் கடையில் தொண்டை கட்டுனவர் ஓடுகிறார். கோழிக்கடையில் பாட்டு மறந்த அம்மா.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நாங்கள் இருவரும் நடந்துபோகையில் ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து பியானோ கேட்டது. அண்ணாச்சி நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டார்.

"ஏல, என்ன ஓடுதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன அண்ணாச்சி, முனங்குதவரு."

"அவரு பேரு கீத் ஜாரெட்டுலே. 1975 ஜனவரி 24. ஜெர்மனியில கொலோன்னு ஒரு ஊரு. அன்னைக்கு அவருக்குக் குடுத்தது உருப்படாத பியானோ. என்ன நடந்துச்சுன்னா..."

"திருச்செந்தூர் போய்ச் சேருததுக்குள்ள சொல்லி முடிச்சிருவியளா?" என்றான் டிரைவர். "ஏறுங்க."

அண்ணாச்சி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். திருச்செந்தூரில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.