ஜெரேனியத்துக்குக் கிடைத்த விடுமுறை

அக்கா, ஊட்டியில் பனி விழத் தொடங்கியதும் தொட்டிகளுக்கு மிலார் மூடியாகிவிட்டதென்று எழுதி, இங்கே ஜெரேனியத்தை எப்படிக் குளிரிலிருந்து காப்பாற்றுகிறாய் என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் கோலசிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்தில் பகலில் 90 டிகிரி பாரன்ஹீட். இரவில் 75-க்குக் கீழே இறங்கினால் கங்காணி காதில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வருகிறார். இங்கே குளிரைத் தேடிப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பதே என் உத்தியோகமாகிவிட்டது.

ஊட்டிக்காரன் என்ற ஏக யோக்யதையினால், துரைசானி அம்மாளின் ஜெரேனியத் தொட்டிகளுக்கெல்லாம் நான் அதிபதியாக நியமனம் பெற்றேன். உங்கள் தொட்டிகளை நான் பந்தால் உடைத்ததன்றி வேறு சம்பந்தம் வைத்துக்கொண்டதில்லை என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிவிக்கும் உத்தேசமும் எனக்கில்லை. அம்மாளிடம் சீமைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. உறைபனிக்கு முன்பே செடியைப் பெயர்த்து, வேர்மண்ணை உதறி, இருண்ட நிலவறையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, வசந்தம் வந்ததும் மீண்டும் நடவேண்டும் என்பது அதன் விதி. தோட்டத்தில் இருண்ட அறையென்று இருப்பது ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் ஒன்றுதான். அதில் தொங்கவிட்டால் ஜெரேனியக் கருவாடுதான் மிஞ்சும் என்பதை நான் மிக்க விநயத்துடன் விண்ணப்பித்துக்கொண்டபின், அம்மாள் அந்த யோசனையைக் கைவிட்டார்.

செடியின்மீதும் குற்றமில்லை. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில், நீர் தங்காத கல்மண்ணில், உலர்ந்த காற்றில் பிறந்த ஜாதி அது. ஐப்பசி கார்த்திகையில் மாலை தவறாமல் மழை கொட்டும் இந்தக் கடலோரத்தில், மண்ணையொட்டிய தண்டு முதலில் மையிட்டாற்போல் கறுத்து, பிறகு விரல் பட்டால் குழைந்து, நாலைந்து நாளில் செடி சாய்ந்துவிடுகிறது. கூரைத் தாழ்வாரத்தில் வைத்து, மண்ணோடு பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்து, வெட்டிய கிளையை ஒருநாள் நிழலில் உலர்த்தியே நட்டுப் பார்த்ததில் செடி பிழைத்தது, பூவோ பூக்கவில்லை. இலையை மட்டும் கசக்கி முகர்ந்துகொள்ளலாம்.

ஆகவே, ஜெரேனியம் மலைவாசம் செய்யவேண்டுமென்று தீர்மானமாயிற்று. கோலகுபு பாரு வழியாக ஏறினால் 4,000 அடிக்கு மேல் பிரேசர் மலை. 1922-இல் இளைப்பாறும் ஸ்தலமாகத் திறக்கப்பட்டது. அதன் அடிவாரக் கணவாயிலிருந்து உச்சிக்கு ஐந்து மைல் பாதை. ஒரு மோட்டாருக்கே அகலம் போதும் என்பதால் ஒற்றைப்படை மணிகளில் ஏறுகிறவர்களுக்கும் இரட்டைப்படை மணிகளில் இறங்குகிறவர்களுக்கும் முறைவைத்து கேட் திறந்தார்கள். எங்கள் லோரி டிரைவரோ பாம்புப் பஞ்சாங்கத்தை இருக்கைக்கடியில் வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி கேட்டைத் தவறவிட்டோம். அடுத்தது ஒரு மணி. அது எமகண்டம், ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றார். மூன்று மணிக்குக் குளிகை; குளிகையில் செய்த காரியம் திரும்பவும் நடக்கும் என்று எச்சரித்துவிட்டே ஏறினார். தொட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் ராகுகாலம் பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்குத்தான் விமோசனம். இம்மலைக்குப் பெயர் தந்த லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர், ஈயம் தேடி வந்த ஸ்காட்லாந்துக்காரர், பின்னர் எங்கே போனாரென்றே தெரியாதாம். கேட் திறக்கக் காத்திருந்து சலித்துப்போய்த்தான் நடையைக் கட்டினார் என்பது டிரைவரின் சித்தாந்தம். குளிகையும் பொய்க்கவில்லை, பூத்த தொட்டிகளைக் கீழே கொண்டுவருவதும், வாடியவற்றை மேலே சேர்ப்பதுமாக அந்தப் பாதையே எங்களுக்குப் பிழைப்பாகிவிட்டது.

மேலே அவை பூத்த பூவைச் சொல்லி மாளாது: கொத்துக் கொத்தாய்ச் சிவப்பு, நம் வீட்டு வாசற்படியில் பூக்குமே, அதே சிவப்பு. அதைப் பார்த்ததும் எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது, அக்கா. வாடினவுடன் செடிக்கு மலையில் விடுப்பு. மழையில் பால் வெட்டப் போகமுடியாத லயத்துக்காரனுக்கு அன்றைய கூலி இல்லை. ஊருக்குப் போய்வர நான் எழுதிக்கொடுத்த மனுவோ, ஆலோசனையில் இருக்கிறது என்ற ஒற்றைப் பதிலோடு பெரிய ஆபீஸில் உறங்குகிறது. அடுத்த மனுவை ஜெரேனியத்தின் பெயரில் எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

நிற்க, அவசரமான காரியம் ஒன்று. மார்கழிப் பனியில் வெறுங்காலோடு பால் வாங்கப் போன உங்கள் தம்பி, பிரேசர் மலையில் சாயங்காலம் கிடுகிடுவென்று நடுங்கி, டிரைவரின் சாக்கைப் போர்த்திக்கொண்டு இறங்கினான். என் பழைய கம்பளிச் சட்டை டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும், பார்சலில் அனுப்பிவையுங்கள். அம்மா கேட்டால், உத்தியோக நிமித்தம் மலைப்பிரதேசச் சுற்றுப்பயணம் என்று சொல்லுங்கள். அத்தானிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாம், அவர் எப்படியும் நம்பமாட்டார்.