‘ஒருவாட்டி பாக்கலாம்’: சாமானியரின் திரைத் தீர்ப்பியல் குறித்து ஒரு முன்னோடி ஆய்வு

1. ஆய்வின் தேவை

சினிமா விமர்சனத்துக்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. 1930களிலேயே கல்கி, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் ஆடல் பாடல்களை அலசினார். பின்னாளில் அதே இதழ் படங்களுக்கு மதிப்பெண் போட்டது. 1977இல் வந்த ‘16 வயதினிலே’க்கு 62.5 கொடுத்தது. அந்த அரை மதிப்பெண் எதற்கு என்று ஆராயப் புகுந்தால் ஒரு முனைவர் பட்டமே தேறும்.

ஆனால் காசு கொடுத்துப் படம் பார்த்துவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “படம் எப்படி?” என்ற கேள்விக்கு ஒருவர் சொல்லும் ஒற்றை வரி இருக்கிறதே, அதை அறிஞர் உலகம் சீந்தவில்லை. அக்குறை போக்க எழுந்ததே இக்கட்டுரை. இதற்கு எந்தக் குழுவின் நல்கையும் கிடைக்கவில்லை. டிக்கெட் செலவு முழுக்க என்னுடையது.

2. களமும் தகவலாளிகளும்

களம்: மதுரையில் எங்கள் வீட்டுக் கூடம், ஒரு பழைய தியேட்டர், ஒரு மால். காலம்: பெரும்பாலும் 2024. தகவலாளிகள் மூவர்.

முதலாமவர் என் அத்தை, வயது 68. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்ப்பை அறிவிக்கும் இயல்பினர். இரண்டாமவர் அவர் கணவர், அதாவது மாமா. இடைவேளையின்போது மட்டும் உறுதியாக விழித்திருப்பவர். மூன்றாமவர் என் தங்கை மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டில் எந்தப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “ரொம்ப ஸ்லோ மாமா” என்பவன். நடுநிலையான தகவலாளி ஒருவராவது வேண்டுமே என்று தேடினேன். எங்கள் குடும்பத்தில் அகப்படவில்லை.

3. சொல்லாராய்ச்சி

சேகரித்த தீர்ப்புகளை வகைப்படுத்தியதில் அடிக்கடி புழங்குபவை நான்கு.

அ) ‘பரவாயில்ல.’ ‘பர்வா’ என்ற பாரசீகச் சொல் உருது வழியாக நம்மிடம் வந்தது. கவலை, பொருட்டு என்று பொருள். எனவே ‘பரவாயில்லை’ என்றால் ‘கவலையில்லை’. படம் எப்படி என்று கேட்டால் கவலையில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? பரீட்சையில் தோற்ற பிள்ளையின் தோளைத் தட்டுவதுபோல, பார்த்தவர் படத்துக்கு ஆறுதல் சொல்கிறார் என்பதே இவ்வாய்வின் துணிபு.

ஆ) ‘ஒருவாட்டி பாக்கலாம்.’ தருக்கப்படி பார்த்தால் இதைப்போலக் காலியான வாக்கியம் வேறில்லை. எந்தப் படத்தையும் ஒருவாட்டி பார்க்க முடியும். சொன்னவரே அதற்குச் சாட்சி. உட்பொருள் வேறு: நான் மட்டும் பட்டால் போதுமா, நீயும் படு.

இ) ‘கேமரா நல்லாருக்கு.’ பெண் பார்க்கப் போய்விட்டு வந்தவர்கள் “கேசரி நல்லா இருந்துச்சு” என்று ஆரம்பித்தால் அந்தச் சம்பந்தம் அமையாது என்பது ஊரறிந்த உண்மை. இதுவும் அவ்வாறே. மனப்பாடம் செய்ய வசதியாக ஒரு நூற்பா:

கேமரா நன்றெனின் கதையிலை என்ப.

சொல்பவர் கல்யாண வீடியோ எடுப்பவராக இருந்தால் இவ்விதி செல்லாது.

ஈ) ‘செகண்ட் ஹாஃப் லேக்கு.’ எல்லா இயக்குநரும் சொல்லிவைத்தாற்போல இரண்டாம் பாதியில்தான் சறுக்குவார்களா? முதல் பாதியில் முதுகும் மூத்திரப்பையும் ஒத்துழைக்கின்றன. இடைவேளையில் ஒரு சமோசாவும் அரை லிட்டர் குளிர்பானமும் உள்ளே போனபின் கதைக்களம் வயிற்றுக்கு மாறிவிடுகிறது. திரைக்கதை ஆசிரியர்மேல் பழி போடுமுன் கேண்டீன்காரரையும் விசாரிப்பது முறை.

4. மெய்ப்பாட்டியல்

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார் தொல்காப்பியர். இந்த எட்டோடு நில்லாமல் இன்னும் முப்பத்திரண்டைப் பட்டியலிட்டிருக்கிறார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அப்பட்டியலில் துஞ்சலும் இருக்கிறது, மடிமையும் இருக்கிறது. ஆகவே ஏ.சி. போட்டதும் மாமா கண்ணயர்வதைக் குறை சொல்ல இலக்கணத்தில் இடமில்லை. அவர் மெய்ப்பாட்டில் இருக்கிறார்.

‘லப்பர் பந்து’ பார்க்கப் போனபோது இதைக் கிட்டத்திலிருந்து ஆராயும் வாய்ப்புக் கிட்டியது. விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ (1989) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு அப்படத்தில் ஒலிக்கும். பாட்டு வந்தால் மாமா கண்ணைத் திறப்பார். பாட்டு முடிந்ததும் மூடிக்கொள்வார். வெளியே வந்து வண்டியைத் தேடும்போது தீர்ப்பு வந்தது: “கேப்டன் நல்லா பண்ணிருக்காரு.” விஜயகாந்த் மறைந்தது 2023 டிசம்பரில், படம் வந்தது 2024 செப்டம்பரில். நாங்கள் யாரும் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அது தப்பும் இல்லை.

5. புறக்காரணிகள்

அப்போது மாலில் ஒரு டிக்கெட் 190 ரூபாய். பாப்கார்ன் டப்பா அதைவிட அதிகம். வண்டி நிறுத்தத் தனிக் காசு. செலவு ஏற ஏறத் தீர்ப்பு கடுமையாகும், ஓசியில் பார்த்தவர் கனிவாக இருப்பார் என்ற கருதுகோளோடுதான் தொடங்கினேன். கிடைத்த தரவு தலைகீழ். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காத அத்தைதான் எல்லாரையும்விடக் கறார். காரணம் கேட்டேன். “ஒன் காசு போச்சேன்னு வயிறு எரியுதுடா” என்றார். பாசம் என்னும் காரணியை என் கருதுகோளில் சேர்க்க மறந்திருந்தேன்.

‘மெய்யழகன்’ பற்றிய அவர் தீர்ப்பை அப்படியே தருகிறேன். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும் அரவிந்த் சுவாமி, தன்மேல் உயிரையே விடும் கார்த்தியின் பெயர் நினைவுக்கு வராமல் படம் முழுக்கத் தவிக்கிறார். அத்தை: “பேரு தெரியலன்னா கேட்டுற வேண்டியதுதான? அதுக்கா மூணு மணி நேரம்?”

அதற்கடுத்த வாரம் ஒரு வளைகாப்பு. பந்தியில் அத்தை பக்கத்து இலையில் ஓர் அம்மாள். பையனுக்குக் குழந்தை பிறந்ததா, முழங்கால் வலி தேவலையா, வீடு கட்டி முடித்தாயிற்றா என்று ரசத்திலிருந்து மோர்வரை இருவரும் பேசித் தீர்த்தார்கள். கை கழுவும் இடத்தில் அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அது யாருடா?”

“கேட்டுற வேண்டியதுதான அத்த?”

“எப்படிடா கேக்குறது? மனசு சங்கடப்படாது?”

படத்தின் கதைச் சுருக்கத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் அத்தை தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

6. தீர்ப்பின் வலிமை

சாமானியர் சொல் அம்பலம் ஏறாது என்பார் உளர். மறுக்கிறேன். ‘மெய்யழகன்’ வெளியான சில நாளிலேயே ஏறக்குறைய 18 நிமிடம் வெட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’ 12 நிமிடம் இளைத்தது. ‘கங்குவா’வில் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கிளம்ப, ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார்.

இத்தகவல்களை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வியப்படையவில்லை. “நாஞ் சொன்னத யாரு அவுககிட்டப் போய்ச் சொன்னது?” என்று மட்டும் கேட்டார்.

7. காலவழு

தீர்ப்பு வழங்கியவர் பல ஆண்டு கழித்து அதற்கு நேரெதிரான தீர்ப்பை, முதலிலிருந்தே அப்படித்தான் சொல்லிவந்ததுபோலச் சொல்வது காலவழு எனப்படும். 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ தியேட்டரில் ஓடவில்லை. இன்று அதை ஓடவிடாத தமிழ்ச் சமூகத்தைக் கண்டித்துப் பேசாத ஆளில்லை. அந்தச் சமூகம் யார், அது எந்தத் தெருவில் குடியிருந்தது என்று விசாரித்தேன். கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அந்தப் பொங்கலுக்கு நான் பார்த்தது ‘தூள்’. இரண்டு தடவை.

8. தனிநிலை ஆய்வு: ‘கொட்டுக்காளி’

2024 ஆகஸ்ட் 23இல் இரண்டு படங்கள் ஒரே நாளில் வந்தன. ‘வாழை’யைத் தியேட்டரில் பார்த்த அத்தை சேலைத் தலைப்பு நனைய அழுதார். “நல்ல படம்” என்றார். தீர்ப்பு வந்தது, வழக்கு முடிந்தது. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யை நிதானமாக, பின்னொருநாள் டிவியில் பார்த்தோம். பேய் பிடித்துவிட்டது என்று ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றி, குடும்பமே சாமியாரிடம் கூட்டிப்போகும் கதை. பலியிட ஒரு சேவலும் கூட வரும். அந்தப் பெண் ஏறக்குறைய வாயே திறக்க மாட்டாள். பின்னணி இசையும் கிடையாது.

பத்தாவது நிமிடத்தில் அத்தை ரிமோட்டைக் கையில் எடுத்தார். “ஏண்டா, மியூசிக்க மட்டும் காணோம். டிவி ரிப்பேரா?” இசையே இல்லாத படம் என்று விளக்கினேன். “காசு பத்தல போல” என்றார்.

வரலாற்று நோக்கில் அவரைக் குறை சொல்ல முடியாது. 1931இல் வந்த ‘காளிதாஸ்’, தமிழின் முதல் பேசும்படம் என்று சொல்லப்படுவது, ஏறக்குறைய ஐம்பது பாட்டுகளோடு வந்தது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கி, சிவாஜி நடித்த ‘அந்த நாள்’ ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்தது. வந்த சூட்டில் ஓடவில்லை. ஐம்பது பாட்டிலிருந்து பூஜ்யத்துக்கு இருபத்து மூன்றே ஆண்டில் இறங்கச் சொன்னால் எந்தக் காதும் திகைக்கத்தான் செய்யும்.

கடைசியில் படம் முடிவைச் சொல்லாமல், பார்ப்பவர் மடியில் போட்டுவிட்டு நின்றுவிட்டது. திரையில் பெயர்கள் ஏறின. “மிச்சப் படம் எங்கடா?” என்றார் அத்தை. “ஸ்லோ” என்றான் தங்கை மகன். மாமா சாய்வு நாற்காலியில் துஞ்சல் என்னும் மெய்ப்பாட்டில் இருந்தார். நான் என் குறிப்பேட்டில் ‘தீர்ப்பு: படுதோல்வி, ஒருமனதாக’ என்று எழுதி மூடிவைத்தேன்.

9. முடிவுரை

இங்கே ஆய்வு முடிந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் இக்கட்டுரையின் வகைப்பாட்டு அட்டவணைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏண்டா, அந்தச் சேவல அறுத்தாகளா, இல்லையா?”

“எந்தச் சேவல் அத்த?”

“ஆட்டோவுல கொண்டுபோனாகளே, காலக் கட்டி. அந்தப் புள்ளையும் அப்படித்தான ஒக்காந்திருந்தா. கட்டல, அம்புட்டுதான்.”

‘வாழை’யின் அழுகை அன்றைக்கே வடிந்துவிட்டது, ‘லப்பர் பந்து’ பாட்டோடு போய்விட்டது. மிச்சப் படம் எங்கே என்று கேட்டவர் மூன்று வாரமாக அந்த மிச்சத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பரவாயில்ல, ஒருவாட்டி பாக்கலாம், கேமரா நல்லாருக்கு, செகண்ட் ஹாஃப் லேக்கு, நான்கிலும் இடமில்லை. ஒரு மாலைப்பொழுது எப்படிக் கழிந்தது என்று சொல்லத்தான் அந்த நான்கும் உதவுகின்றன. படம் எப்படி என்ற கேள்விக்கு விடை மொச்சை உரிக்கும்போதுதான் வருகிறது, அதுவும் இன்னொரு கேள்வியாக.

கோடு போட்ட தாளைக் கிழிக்கப் போனேன். அப்போது சாய்வு நாற்காலியிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, மாமா சொன்னார்:

“அந்த மாப்பிள்ளப் பய அறுத்திருக்க மாட்டான். அவன் மூஞ்சியப் பாத்தல்ல, கடைசில?”

ஆக, இவ்வாய்வின் உறுதியான கண்டுபிடிப்பு ஒன்றே ஒன்று: மாமா தூங்கவில்லை.