செவ்வாய்க்கிழமைக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "மாமா, நாங்கள் செபிப்பது கடவுளுக்குக் கேட்கிறதா?" கேட்கிறது. இந்த ஒரு சொல்லோடு விட்டால் நீங்கள் விடப்போவதில்லை. வாருங்கள்.

கடவுள் கேட்கிறார் என்பதற்கு ஆதாரம் உண்டா?
*– வாசகர், கொட்டாஞ்சேனை*

உங்கள் வீதியில் இஸ்மாயில் என்று ஒருவராவது இருப்பார். போய்க் கை கொடுங்கள். எபிரேயத்தில் அந்தப் பெயருக்குப் பொருளே 'கடவுள் கேட்கிறார்' என்பதுதான். முதன்முதலில் அதைச் சுமந்தவன் அடிமைப் பெண் ஆகாரின் பிள்ளை. தாயும் மகனும் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டு, பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்தபோது, கடவுள் அந்தச் சிறுவனின் குரலைக் கேட்டார் என்கிறது தொடக்கநூல். அவன் செபமாலையா உருட்டினான்? அழுதான்.

பக்கத்து ஃபிளாட்டில் இரவு பதினொரு மணிக்கும் பெரிய சத்தத்தோடு ஜெபம். கடவுளுக்கு மெதுவாகச் சொன்னால் விளங்காதா?
*– நித்திரை இல்லாதவர், வெள்ளவத்தை*

விளங்கும். அன்னா என்ற பெண் ஆலயத்தில் உதடு மட்டும் அசையச் செபித்தாள். குரு ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தார். பக்கத்தில் நின்ற குருவுக்கு விளங்காதது கடவுளுக்கு விளங்கியது, சாமுவேல் பிறந்தான்.

ஆனால் எரிகோவில் பர்த்திமேயு என்ற பார்வையற்றவர் கத்தினார். வாயை மூடு என்று கூட்டம் அதட்டியது; அவர் இன்னும் பலமாகக் கத்தினார். இயேசு நின்றார். ஆகவே சத்தத்தை வைத்துச் செபத்தை நிறுக்க வேண்டாம். ஒரு சந்தேகம்: பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பாரம் என்று எப்போதாவது விசாரித்தீர்களா?

கொச்சிக்கடைக் கோவிலுக்கு ஏன் செவ்வாய்க்கிழமை போகிறோம்? புதன்கிழமை போனால் அந்தோனியார் கேட்க மாட்டாரா?
*– மாணவி, ஜம்பட்டா வீதி*

அந்தோனியார் 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை இறந்தார். அடக்கம் செய்தது செவ்வாய். அதிலிருந்து வந்த வழக்கம். கிழமை நம்முடைய வசதிக்கு, பிள்ளை. புதன்கிழமை போனால் இருக்க வாங்கு கிடைக்கும்.

நான் சைவம். ஆனாலும் கொச்சிக்கடைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறேன். என் மன்றாட்டு எடுபடுமா?
*– இல்லத்தரசி, வெள்ளவத்தை*

கொச்சிக்கடை வரிசையில் பொட்டு, பர்தா, வெள்ளைச் சேலை எல்லாம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.

நற்செய்தியைத் திறந்தால், இயேசு வியந்து பாராட்டிய நம்பிக்கை ஓர் உரோமை நூற்றுவர் தலைவனுடையது. மகளுக்காகக் கெஞ்சி அவரையே வாதில் மடக்கியவள் ஒரு கானானியப் பெண். இரண்டு பேரும் வெளியார். இரண்டு பேருக்கும் கேட்டது கிடைத்தது. திரியைக் கொளுத்துங்கள், அக்கா.

கொச்சிக்கடைக் கோவில் எப்படி வந்தது?
*– வாசகர், முகத்துவாரம்*

ஒரு பேரத்தில் வந்தது. ஒல்லாந்தர் காலம், கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் திரிந்து, இரவில் பூசை வைத்தார். ஒல்லாந்தர் துரத்த, மீனவர்களிடம் ஓடிவந்தார். அவர்கள் கெட்டிக்காரர்: "கடல் எங்கள் கரையை அரிக்கிறது. அதை நிறுத்தினால் உம்மைக் காப்போம்." அவர் கரையில் சிலுவையை நட்டுச் செபித்தார்; கடல் பின்வாங்கியது; ஒல்லாந்தரே அவருக்கு நிலம் கொடுத்தார். வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு இது. இன்றைய கோவில் 1834இல் அர்ச்சிக்கப்பட்டது.

எனக்கு இதில் பிடித்தது கடல் பின்வாங்கியது அல்ல. கரையை இழந்துகொண்டிருந்தவர்களும் உயிருக்குப் பயந்து ஓடிவந்தவரும் ஒரே மன்றாட்டில் சேர்ந்துகொண்டார்கள். கடவுள் இரண்டு வழக்கையும் ஒன்றாய் முடித்தார்.

கனடா விசாவுக்காக மூன்று தரம் நவநாள் வைத்தேன். மூன்று தரமும் மறுத்துவிட்டார்கள்.
*– லொட்ஜில் காத்திருப்பவர், வெள்ளவத்தை*

பவுலும் மூன்று தரம்தான் கேட்டார், உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி. முள் எடுபடவில்லை; அதைத் தாங்கும் அருள் கிடைத்தது. 'இல்லை' என்பதும் பதில்தான், தம்பி. கேட்காதவர் 'இல்லை' என்று சொல்ல முடியாது.

இன்னொன்று: பவுலிடம் உரோமைக் குடியுரிமை இருந்தது. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய பாஸ்போட் கிடையாது. அவர் போன ஊருக்கெல்லாம் முள்ளும் கூடவே போனது.

படிக்காமல் செபித்தால் ஏ.எல். பாஸாகலாமா?
*– மாணவன், கொட்டாஞ்சேனை*

கடவுள் உன் செபத்தைக் கேட்பார். திருத்துகிறவர் உன் விடைத்தாளைப் பார்ப்பார். கேட்டதும் பார்த்ததும் ஒத்துப்போக வேண்டாமா? புத்தகத்தை எடு.

பேரன் டொரன்டோவில் இங்கிலிஷில் செபிக்கிறான். எனக்கு மனம் ஆறவில்லை.
*– அம்மம்மா, வெள்ளவத்தை*

அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில், கண் மூடியது பதுவாவுக்குப் பக்கத்தில். தமிழ் எங்கே படித்தார் என்று நீங்கள் ஒருநாளாவது யோசித்ததுண்டா? பேரன் செபிக்கிறானே, அம்மா! அதைச் சொல்லி நாலு பேருக்குப் பலகாரம் கொடுங்கள்.

யோசேப் வாஸ் அடிகளார் மழையை வரவழைத்தாராமே?
*– ஆசிரியர், கொழும்பு 13*

1696இல் கண்டியில் கடும் வரட்சி. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் கேட்க, அவர் வெளியில் பீடம் அமைத்துச் செபித்தார்; மழை கொட்டியது என்பது வரலாறு. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார்.

எல்லாரும் மழையோடு நிறுத்திவிடுவார்கள். முன்கதையைப் பாருங்கள். 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் கோலத்தில் வந்தவர். 1692இல் கண்டிக்குப் போனபோது கிடைத்த வரவேற்பு, உளவாளி என்று சிறை. அடைபட்ட இடத்தில் உட்கார்ந்து சிங்களம் படித்தார். மழை ஒரே நாளில் வந்தது. அந்த மனிதர் உருவாக வருடங்கள் எடுத்தன.

நேர்த்தி வைத்துவிட்டேன். காரியம் முழுதாய் ஆகவில்லை. செலுத்தத்தான் வேண்டுமா?
*– வியாபாரி, செட்டியார் தெரு*

1940இல் கொழும்புப் பேராயர் மசோன் ஒரு நேர்த்தி வைத்தார்: உலகப் போரிலிருந்து இந்தத் தீவு தப்பினால் மாதாவுக்கு ஒரு பேராலயம். 1942 ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. "நேர்த்தி முறிந்தது" என்று அவர் சொல்லவில்லை. ஜப்பானியப் படை இங்கே கால் வைக்காமலே போர் முடிந்தது. 1947இல் அவர் இறந்தார். கடனை அடுத்தவர் தாமஸ் குரே ஆண்டகை ஏற்றார். ராகமை தேவத்தையில் பேராலயம் அபிஷேகமானது 1974இல்.

முப்பத்து நாலு வருடம், இரண்டு பேராயர்கள். நீங்கள் நேர்ந்தது ஒரு பெட்டி மெழுகுதிரி. இன்றே போங்கள்.

2019 ஏப்ரல் 21 காலை. எங்கள் கோவிலில் இருந்தவர்கள் செபித்துக்கொண்டுதானே இருந்தார்கள்? அதைக் கடவுள் கேட்டாரா?
*– பெயர் வேண்டாம், கொச்சிக்கடை*

இதற்குப் பகிடி இல்லை. அன்றும் உயிர்ப்பு ஞாயிறு. 8.45க்குக் குண்டு வெடித்தது, கோபுர மணிக்கூடு அந்த நேரத்திலேயே நின்றது. கட்டுவாப்பிட்டிக் கோவிலில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், கொழும்பு ஹோட்டல்களில், எல்லாமாக 260க்கும் மேற்பட்ட உயிர்கள்.

கெத்சமனியில் இயேசுவும் கேட்டார், அந்தக் கிண்ணம் தன்னைவிட்டு அகல வேண்டும் என்று. அகலவில்லை. மறுநாள் சிலுவை. ஆனால் எபிரேயருக்கு எழுதிய திருமுகம், கண்ணீரோடு எழுந்த அந்த மன்றாட்டு கேட்கப்பட்டது என்கிறது. கொலையுண்ட ஒருவரைப் பற்றி இப்படி எழுத எங்கிருந்து துணிவு வந்தது? கல்லறை வெறுமையாய்க் கிடந்ததை நம்பியதிலிருந்து வந்தது. அன்று அந்த வாங்குகளில் இருந்தவர்கள் கொண்டாட வந்ததும் அதைத்தான். நானும் அதை நம்புகிறேன். அவர்களுடைய செபம் அந்தக் காலையோடு முடியவில்லை.

கேட்காமல் விட்டவர்கள் வேறு. தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை முன்கூட்டியே அதிகாரத்தில் இருந்தோரின் கைக்கு வந்திருந்தது. தடுக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. கடவுளின் காதைப் பற்றிக் கேட்கிற நாம், அந்தக் காதுகளைப் பற்றியும் விடாமல் கேட்க வேண்டும்.

காணாமல் போன மகனுக்காக எத்தனையோ வருடமாய்ச் செபிக்கிறேன். இப்போது கடவுள் மேல் கோபம்தான் வருகிறது. பாவமா?
*– ஒரு தாய், வெள்ளவத்தை*

இல்லை, அம்மா. திருப்பாடல் 88ஐ எடுத்துப் பாருங்கள். முறைப்பாட்டில் தொடங்கி இருளில் முடிகிறது. கடைசிவரை ஆறுதல் என்று ஒரு வரி இல்லை. அதைத் திருச்சபை ஒளித்து வைக்கவில்லை. குருமாரும் கன்னியரும் வெள்ளிக்கிழமை இரவில் படுக்கப் போகுமுன் சொல்லும் திருப்பாடல் அதுதான். உங்கள் கோபத்தை அவர்கள் வாராவாரம் உங்களுக்காகச் சொல்கிறார்கள். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து யாராவது கோபிப்பார்களா? கோபியுங்கள். கதைப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

பதில் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?
*– வாசகர், ஹம்டன் லேன்*

பேதுரு சிறையில். எருசலேமில் ஒரு வீட்டில் எல்லாரும் கூடி அவருக்காக விடாமல் செபிக்கிறார்கள். இரவில் அவரே விடுதலையாகி வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பணிப்பெண் குரலை அறிந்து, சந்தோசத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடினாள். செபித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "உனக்கு விசர்!"

பேதுரு தட்டிக்கொண்டே நின்றார். உங்கள் ஃபிளாட்டில் கோலிங் பெல் வேலை செய்கிறதா?