டோக்கியோ சுவரில் ஓர் ஆணி

ஜப்பானில் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்து முருகன் படம் மாட்டலாமா?

முருகன் காப்பாற்றுவார். அட்வான்ஸை யார் காப்பாற்றுவது?

அங்கே அதற்கு 'ஷிகிகின்' என்று பெயர். குடிவர அனுமதித்ததற்காக வீட்டுக்காரர் பலர் தனியே வாங்கும் நன்றிப் பணம் 'ரெய்கின்'. அது போனால் போனதுதான்.

காலண்டர் மாட்டக் குத்திய குண்டூசி ஓட்டையைச் சாதாரணத் தேய்மானம் என்கிறது அரசு வழிகாட்டி. அந்தச் செலவு வீட்டுக்காரருடையது. உள்பலகையையே மாற்றவேண்டிய அளவுக்கு ஆணி இறங்கியிருந்தால் பில் குடியிருப்பவர் தலையில். வெயிலில் வால்பேப்பர் வெளுத்தால் பயமில்லை. இயல்பான தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பல்ல என்று 2020 ஏப்ரல் முதல் சிவில் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

படம் வெறும் காகிதமென்றால் குண்டூசி தாங்கும். கண்ணாடி போட்ட முருகன் அலமாரி மேல் குடியேறட்டும். அவரிடம் யாரும் ரெய்கின் கேட்கமாட்டார்கள்.