வெட்டுத்துணியில் யோசனை உறையுமிடம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

கவிஞருக்கு நிலாவும் இசையமைப்பாளருக்கு மழையும் எப்போதோ ஒதுக்கப்பட்டுவிட்டன. ஒட்டுப்போர்வை தைப்பவருக்கு மட்டும் யாரும் எதையும் ஒதுக்கவில்லை. அவருக்கு யோசனை எங்கிருந்து வருகிறது என்று அறிஞர் உலகம் கேட்டதுமில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. இதன் கருதுகோள் எளியது: துணி தீர்ந்துபோகும் இடத்தில்தான் யோசனை தொடங்குகிறது.

முதலில் ஆய்வெல்லை. தையற்கடையில் "மிச்சத்துணி எங்கண்ணே?" என்று கேட்டால் மட்டுமே வெளிவரும் சுருட்டல் இதில் அடங்கும். உடல் நைந்து கரை மட்டும் கெட்டியாக நிற்கும் பழைய சேலை அடங்கும். சட்டையின் முதுகுப்புறமும் அடங்கும். காலரும் முழங்கையும் போன பிறகும் முதுகு பல ஆண்டுகள் தாங்கும் என்பது தைப்பவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. கரித்துணி அடங்காது. அது அடுப்படிக்கு மாற்றலாகிப் போய்விட்ட ஊழியர்.

ஜாக்கெட் பிட்டுக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கப்படும் இந்த முக்கால் மீட்டர் சொச்சத் துணி தைப்பதற்காக நெய்யப்பட்டதா, கைமாறுவதற்காகவே நெய்யப்பட்டதா என்பது இன்னும் முடிவாகவில்லை. நவராத்திரிக்கு நவராத்திரி அது வீடு மாறுகிறது. முதலில் கொடுத்த அத்தையின் கைக்கே, அவர் கட்டிய அதே ரப்பர் பேண்டோடு, திரும்பிப் போவதும் உண்டு. போர்வை தைப்பவர்களிடமும் இதற்கு இணையான ஒரு பொருள் இருக்கிறது. ஏதோ ஒரு போர்வைக்காகத் தைக்கப்பட்டு, அளவு பிசகியதாலோ நிறம் ஒத்துப்போகாததாலோ வெளியே நின்றுவிட்ட கட்டம். அமெரிக்கத் தையற்காரர்கள் அதை அநாதைக் கட்டம் என்கிறார்கள். அதை எறியவும் மாட்டார்கள், எதிலும் சேர்க்கவும் மாட்டார்கள்.

இனிக் கணிதம். துண்டுகளை இணைக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போகும் என்பது பொது வழக்கு. இரண்டரை அங்குலச் சதுரம் வெட்டினால் முகப்பில் தெரிவது இரண்டு அங்குலம்தான். 6.25 சதுர அங்குலத்தில் 4 மிஞ்சுகிறது. 36 சதவீதத்தைத் தையலே தின்றுவிடுகிறது. ஒன்றரை அங்குலச் சதுரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அரை அங்குலச் சதுரத்தை நான்கு பக்கமும் தைத்தால் மிஞ்சுவது பூஜ்யம். கணிதப்படி அது துணியே அல்ல. ஆனாலும் நாடெங்கும் பிஸ்கட் டப்பாக்களில் அரை அங்குலத் துண்டுகள் பெருகியவண்ணம் உள்ளன. காரணம் கேட்டால், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பதே பதில். இதை மறுக்கும் ஆதாரம் எந்த மாமியாரிடமும் இதுவரை எடுபட்டதில்லை.

இத்துறையின் முன்னோடி புத்தரின் சீடர் ஆனந்தர். மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடப்பதைக் காட்டி, துறவிகளின் ஆடையை இப்படித் தைக்க முடியுமா என்று புத்தர் கேட்டதாக விநய பிடகத்தின் மகாவக்கம் சொல்கிறது. ஆனந்தர் தைத்தே காட்டினார். பௌத்தத் துறவிகளின் சீவரத்தில் இன்றும் அந்த வயற்கட்டங்களைக் காணலாம். துண்டு துண்டாக வெட்டிய துணிக்கு ஆசைப்படுவோர் இல்லை என்பது அதன் கூடுதல் நன்மை. பிற்காலத்து அருங்காட்சியகங்களைப் புத்தரும் ஆனந்தரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அருங்காட்சியகம் என்றதும் ஜீஸ் பெண்ட் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த சிற்றூர் அது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் சந்ததியார் வாழும் இடம். அந்தத் தோட்ட முதலாளியின் பெட்வே என்ற பெயரே இன்றும் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர். அங்குள்ள பெண்கள் நைந்த வேலை உடுப்புகளையும் சாக்குகளையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். குளிருக்காகத்தான் தைத்தார்கள். மிசூரி பெட்வே 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும், பை பிரிந்த இடத்தில் வெளுக்காமல் நிற்கும் நீலமும்தான் இத்தகைய போர்வைகளின் சித்திர வேலை. இவ்விடத்தில் மட்டும் ஆய்வாளர் கேலியை ஒதுக்கி வைக்கிறார்.

1972இல் அப்பகுதிப் பெண்களின் தையல் கூட்டுறவுக்கு சியர்ஸ் நிறுவனத்திடமிருந்து கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. உறைகள் கடைக்குப் போயின, வெட்டுத்துணி வீட்டுக்கு வந்தது. தங்க மஞ்சள், வெண்ணெய்ப்பழப் பச்சை, செர்ரிச் சிவப்பு என்று நிறங்கள் முன்பே முடிவாகிவிட்டன. கார்டுராய் தடித்த துணி; பொடிப்பொடியாக வெட்டினால் மடங்காது, ஊசியோடு மல்லுக்கு நிற்கும். வேறு வழியில்லாமல் அகல அகலமான கீற்றுகளாகவே இணைத்தார்கள். விளைந்த போர்வைகளின் துணிச்சலான வடிவத்தைப் பின்னாளில் விமர்சகர்கள் வியந்து போற்றினார்கள். அத்துணிச்சலில் பாதியாவது கார்டுராயைச் சேர வேண்டும் என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. 2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றுள் 10 போர்வைகளைத் தபால்தலைகளாக அச்சிட்டது.

கருதுகோளுக்கு எதிரான சான்றுகளை மறைப்பது அறமாகாது. 1880களில் வசதியான அமெரிக்க வீடுகளில் கோணல்மாணல் பட்டுத்துண்டுகளை ஒட்டிப் போர்வை செய்யும் மோகம் பிடித்தது. வீட்டு மிச்சம் போதாமல் போகவே, பட்டு உற்பத்தியாளர்கள் துண்டுகளைப் பொட்டலம் கட்டி விற்றார்கள். இன்றும் புத்தம்புதுத் துணியை இரண்டரை அங்குலக் கீற்றுகளாக வெட்டி, ஜெல்லி ரோல் என்று பெயரிட்டு, சுருட்டி விற்கிறார்கள். மிச்சத்தை விலைக்கு வாங்கும் கட்டத்தை மனிதகுலம் எட்டிவிட்டது. சான்று எதிரானது போலத் தோன்றினாலும், பற்றாக்குறை இல்லாதவர் அதையும் காசு கொடுத்து வரவழைக்கிறார் என்று கொண்டால் கருதுகோள் பிழைத்துவிடும். பிழைக்க வைப்பதுதானே ஆய்வாளர் வேலை.

கருதுகோளைச் சந்தேகமின்றி நிறுவுபவர்கள் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரான இவர்கள் தைக்கும் கவந்திப் போர்வைக்கு முன்வரைபடம் கிடையாது, தனிக் கட்டங்களும் கிடையாது. அடியில் பழைய சேலையை விரித்து, ஓரத்தில் தொடங்கி, கையில் அகப்பட்ட துண்டுகளை வைத்துத் தைத்தபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நடுவில் என்ன நிறம் விழும் என்பது மூட்டையில் கடைசியாக மிஞ்சும் துண்டைப் பொறுத்தது. நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளைப் பூவாக வைப்பார்கள். அது இல்லாத போர்வை அவர்கள் கணக்கில் முடிந்த போர்வை அல்ல.

எனவே வெற்றுத்தாளில் வடிவம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து மூட்டையைக் கொட்டலாம் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. எதிரெதிரே வைக்கக் கூசும் இரண்டு நிறங்களை முதலில் இணைக்கவும். மூன்றாவது துண்டு தானே முன்வரும். அநாதைக் கட்டம் சிறியதாக இருந்தால் சுற்றிலும் கீற்று ஒட்டிப் பெரிதாக்கவும். பெரியதாக இருந்தால் தயங்காமல் வெட்டவும்.

இரண்டாம் கட்ட ஆய்வுக்குத் தரவுகள் தேவைப்படுகின்றன. பரணிலும் பீரோவின் அடித்தட்டிலும் ஜாக்கெட் பிட் வைத்திருப்போர் கொடுத்து உதவலாம். கரை போட்டவற்றுக்கு முன்னுரிமை உண்டு. இஸ்திரிக்கு அடங்காத பாலியஸ்டரை மட்டும் தயவுசெய்து அடுத்த தாம்பூலத்துக்கே வைத்துக்கொள்ளவும்.