தோனியைவிட இரண்டு வயது சின்னவர்

நாற்பதைத் தாண்டிய ஆண்களில் ஒரு தனி இனம் உண்டு. மற்ற மாதங்களில் இவர்களை அடையாளம் காண்பது கஷ்டம். வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பார்கள், ஐ.டி. கம்பெனியில் மேனேஜருக்கு மேனேஜராக இருப்பார்கள். சர்க்கரை போடாத காபியைக் குடித்துவிட்டு ஹோம் லோன் வட்டியைப் பற்றி வருத்தமாகப் பேசுவார்கள். மார்ச் மாதக் கடைசியில்தான் குட்டு வெளிப்படும். பீரோவின் அடித்தட்டிலிருந்து மஞ்சள் ஜெர்சி வெளியே வரும். முதுகில் 7. மார்பில் இருக்கும் சிங்கம் வருடா வருடம் இரு பக்கமும் இழுபட்டு, உறுமுகிறதா கொட்டாவி விடுகிறதா என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்திருக்கும்.

எங்கள் அடுக்குமாடியிலேயே ஒருவர் இருக்கிறார். பெயர் எதற்கு, நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். எப்படியும் தெருவுக்கு ஒரு நகல் உண்டு.

நம்மவர் பிறந்தது 1983இன் கடைசியில். கபில்தேவ் லார்ட்ஸ் பால்கனியில் கோப்பையைத் தூக்கிய வருஷம். அதை அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அவருக்கு முக்கியமான தேதி 1981 ஜூலை 7. அன்றுதான் ராஞ்சியில் தோனி பிறந்தார். "தல நம்மளவிட ரெண்டு வருஷம் சீனியர் சார்" என்பார், என்னமோ ஒரே பள்ளிக்கூடத்தில் எட்டாவதும் பத்தாவதும் படித்தவர்கள் மாதிரி. அவருடைய சந்தோஷம் முழுவதும் அந்த இரண்டு வருஷத்தில்தான் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். சின்ன வயதில் நாம் பார்க்கிற ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் நம்மைவிடப் பெரியவர்கள். 1996 மார்ச்சில் பெங்களூரில் ஆமிர் சொஹைல் பவுண்டரி அடித்துவிட்டு வெங்கடேஷ் பிரசாதிடம் மட்டையை நீட்டி வம்பிழுத்ததும், அடுத்த பந்திலேயே ஸ்டம்ப் பறந்ததும் நம்மவரின் பன்னிரண்டு வயதில் நடந்தவை. 1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் மணல் புயல் ஓய்ந்து டெண்டுல்கர் 143 அடித்தபோது பதினாலு. அந்த வயதில் அண்ணாந்துதான் பார்க்க முடியும். பிறகு ஒரு நாள், நமக்கு அடுத்த வருஷம் பிறந்த பையன் ஒருவன் இந்திய அணிக்குள் நுழைகிறான். லேசாகச் சுருக்கென்கிறது. பிறகு கேப்டனே நம்மைவிடச் சின்னவன். பிறகு அந்தக் கேப்டனும் ஓய்வு பெற்று, கோட்டு மாட்டிக்கொண்டு, வர்ணனை செய்ய வந்து உட்காருகிறான். அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு மாமா நிற்கிறார்.

எனக்கு மூத்தவர்கள் எல்லோரும் மைதானத்தைக் காலி செய்து வெகுகாலம் ஆகிறது. நான் கண்ணாடியோடு சமாதானமாகிவிட்டேன். நம்மவர் அப்படி விட்டுவிடுகிற ரகம் இல்லை. செல்போனில் 'சீனியர்ஸ்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். எந்த நாடு, எந்த விளையாட்டு என்ற பேதம் கிடையாது. தனக்கு முன்னால் பிறந்து, இன்னும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. 2022 செப்டம்பர் மோசமான மாதம்: செரீனா, ஃபெடரர் இருவரும் ஒரே மாதத்தில் அடிபட்டார்கள். அடுத்த வருஷம் இப்ராஹிமோவிச் போனார். 2024 ஜனவரியில் ரோஹன் போபண்ணா 43 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் கோப்பையை வென்றபோது எங்கள் மாடி முழுக்க மைசூர்பாகு வந்தது. "டென்னிஸ்ல பதினஞ்சு, முப்பதுக்கு அப்புறம் ஏன் நாப்பது?" என்று அவர் மனைவி கேட்டார். நம்மவருக்குத் தெரியவில்லை. போபண்ணா பிறந்தது 1980 என்று மட்டும் தெரிந்திருந்தது.

ஆண்டர்சன் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஆட்களை ஒவ்வொருவராக ஸ்லிப்பில் பிடிக்க வைத்து அனுப்பியபோதெல்லாம் ஜேம்ஸ் ஆண்டர்சனை வாய்க்கு வந்தபடி திட்டியவர் இவர். அதே ஆண்டர்சன் நாற்பதைத் தாண்டியும் ஓடி வந்து பந்து போடுகிறார், பிறந்தது 1982 என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து, "நல்ல மனுஷன் சார், இன்னும் ரெண்டு வருஷம் போடட்டும்" என்று இங்கிலாந்துக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். 2024 ஜூலையில் ஆண்டர்சன் டெஸ்டிலிருந்து விடைபெற்றதும் பெயரை அடித்தார். ஆள் லங்காஷயருக்காக இன்னும் கவுன்ட்டி ஆடுகிறார் என்று கேள்விப்பட்டதும் திரும்ப எழுதிக்கொண்டார். 2025 மார்ச்சில் சரத் கமல் சென்னையிலேயே டேபிள் டென்னிஸுக்கு விடை கொடுத்தபோது, அதுவரை ஒரு செட் கூட உட்கார்ந்து பார்க்காத மனிதர் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

இவர்கள் எல்லாம் உபரி. பட்டியலின் முதல் பெயர் தோனி. அவர் ஆடுகிற வரைக்கும் இவர் பையன்.

சேப்பாக்கத்துக்குப் போகும் நாளில் பாருங்கள். முன்பெல்லாம் விக்டோரியா ஹாஸ்டல் ரோட்டில் ராத்திரியே போய்ப் படுத்துக் கிடந்து டிக்கெட் வாங்குவார்கள். இப்போது ஆன்லைன் வரிசை. 'உங்களுக்கு முன்னால் இத்தனை லட்சம் பேர்' என்று திரை சொல்லும். நம்மவர் தன் போன், மனைவி போன், மகள் போன், அப்பாவின் போன் என்று நான்கையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து, யாரும் தும்மக்கூடாது என்று உத்தரவு போடுவார். டிக்கெட் கிடைத்தால் கத்துவார். அந்தக் கத்தல் மேனேஜரின் கத்தல் அல்ல. முப்பது வருஷத்துக்கு முன்னால், ரப்பர் பந்தை மொட்டை மாடிக்கு அடித்துத் தொலைத்துவிட்டு "சிக்ஸ்டா!" "இல்லடா அவுட்டா!" என்று சண்டை போட்ட அதே குரல்.

அந்தத் தெரு கிரிக்கெட்டின் சட்டதிட்டம் அத்தனையும் இன்னும் அவருக்கு மனப்பாடம். ஒன் பிச் கேட்ச், ஒரு கையில் பிடித்தால் அவுட். ஆள் ஒற்றைப்படை என்றால் மிச்சமிருப்பவன் ஜோக்கர், இரண்டு பக்கமும் ஆடலாம். கையை மடக்கி எறிந்தால் மாங்கா. மட்டை யாருடையதோ அவன் காஜி அடிப்பான், கேட்க முடியாது. மகள் எந்த செக்‌ஷன், ஏ-யா சி-யா என்று கேட்டால் மட்டும் யோசிப்பார்.

மாலை ஐந்து மணிக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கும்போது அவருக்குப் பதினாறு வயதிருக்கும். வாலாஜா ரோட்டில் கன்னத்தில் மஞ்சள் தீட்டிக்கொள்கையில் பதின்மூன்று. உள்ளே போய் உட்கார்ந்ததும் இன்னும் குறையும். ஒரே ஒரு இடைஞ்சல், முன்பல் கட்டியதிலிருந்து விரலை வைத்து ஊதினால் விசிலுக்குப் பதில் காற்றுதான் வருகிறது.

நம் அணியின் விக்கெட் விழுந்தால் நம் ரசிகர்களே துள்ளிக் குதிக்கிற அதிசயத்தை அங்கேதான் பார்க்கலாம். நான் முன்னால் இறங்கினால் எப்போது அவுட் ஆவேன், தோனி எப்போது வருவார் என்றுதான் ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்று ஜடேஜாவே 2023இல் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருஷம் ஏப்ரலில் கொல்கத்தா ஆட்டத்தில், தான் இறங்கப்போவது போல மட்டையோடு நாலு எட்டு வைத்துவிட்டுக் குறும்பாகத் திரும்பிப் போனார். பின்னாலேயே தோனி வந்தார். எழுந்த சத்தத்தில் எல்லைக் கோட்டருகே நின்ற ஆந்த்ரே ரஸ்ஸல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அந்தச் சத்தத்தில் தன் பங்கு என்ன என்று நம்மவர் இன்றும் என்னிடம் கணக்குச் சொல்வார்.

குடும்பம் இதை எப்படித் தாங்குகிறது என்று கேட்காதீர்கள். 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்து ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்களுக்காக 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயிலே விட்டார்கள். நம்மவர் புனேவில் கிளையன்ட் மீட்டிங் என்று சொல்லிவிட்டு அதில் ஏறினார். ராத்திரி டி.வி. செய்தியில் ரயில் ஜன்னல் வழியாக ஒரு தலை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தது. "உங்க கிளையன்ட் ரொம்ப ஜாலியான ஆள் போல" என்று மனைவி மெசேஜ் அனுப்பினார்.

முழங்கால் கதை வேறு. 2023இல் தோனி இடது முட்டி வலியோடு சீசன் முழுக்க ஆடிவிட்டு, அகமதாபாத் ஃபைனல் முடிந்த கையோடு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நம்மவருக்கும் முட்டி வலி வந்தது. எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். "எந்தப் பக்கம்னு கவனிச்சீங்களா டாக்டர்? இடது!" என்று பெருமையாகக் கேட்டுவிட்டு வந்தார்.

வீட்டில் அவருடைய அப்பா ஒருவர்தான் இதற்கெல்லாம் மசியாதவர். 1951இல் பிறந்தவர். 1975 ஜனவரியில் இதே சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டை வாரிச் சுருட்டியபோது, குண்டப்பா விஸ்வநாத் ஒற்றை ஆளாக நின்று 97 அடித்ததைக் கண்ணால் பார்த்தவர். அணியின் மொத்த ஸ்கோரே 190தான். "அந்த ஸ்கொயர் கட்டுக்கு முன்னால உங்க ஹெலிகாப்டர் எல்லாம் ஷேர் ஆட்டோடா" என்பார். அவருக்கும் எழுதி வைக்காத ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. 1987இல் கவாஸ்கர் விலகினார். மொஹிந்தர் அமர்நாத் மட்டும் இன்னும் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார். அதன் பிறகு பெரியவருக்கு எல்லோருமே பையன்கள்தான். கபில் கெட்டிக்காரப் பையன். டெண்டுல்கர் மரியாதை தெரிந்த பையன். தோனி, முடியை வெட்டிக்கொண்ட பிறகு, பரவாயில்லாத பையன்.

2023 மே 14. லீகில் சேப்பாக்கத்தின் கடைசி ஆட்டம். கொல்கத்தாவிடம் தோற்றுவிட்டு, தோனியும் மற்றவர்களும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நம்மவர் கேலரியில். அப்பா வீட்டில் டி.வி. முன்னால், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அணைக்கப் போகிறார். அப்போது திரையில் ஒருவர் தோனியை நோக்கி ஓடுகிறார். சுனில் கவாஸ்கர். வயது 73. டெஸ்டில் பத்தாயிரம் ரன்னை முதன்முதலில் தொட்ட மனிதர். தன்னைவிட 32 வயது சின்னவரின் முன்னால் போய் நின்று சட்டையைக் காட்ட, அதிலேயே தோனி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்.

பெரியவர் உடனே மகனுக்குப் போன் போட்டார். "டேய், கவாஸ்கர் ஓடுறான்டா!" அந்த இரைச்சலில் மகனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்று ராத்திரி பெரியவர் பதினொன்றரை மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொல்லிவிட்டுப் போனார். கோபமா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "சட்டையிலே! அவன் போட்ட சட்டையிலே!" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூத்தவரைத்தான் அண்ணாந்து பார்க்க முடியும் என்ற என் கணக்கு அன்றே ஆட்டம் கண்டது. நம்மவர் அதைப் புரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று. 2025இல் சென்னை அணி முதல் தடவையாகக் கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தது. பட்டியலும் மெலிந்துகொண்டே வந்தது. அந்த மே மாதம் டெல்லியில் ராஜஸ்தானோடு ஆட்டம். அதில் ஒரு பதினாலு வயதுப் பையன் 57 ரன் அடித்துவிட்டு, முடிந்ததும் போய் தோனியின் காலைத் தொட்டான். வைபவ் சூர்யவன்ஷி. சில வாரங்களுக்கு முன்புதான் குஜராத்துக்கு எதிராக 35 பந்தில் நூறு அடித்திருந்தான். நம்மவர் அவன் பிறந்த தேதியைத் தேடினார், வேறென்ன செய்வார். 2011 மார்ச் 27. உலகக் கோப்பை ஃபைனலில் குலசேகராவை தோனி லாங்-ஆனுக்கு மேல் தூக்கியபோது அந்தக் குழந்தைக்கு ஆறு நாள்.

"என் பொண்ணைவிட கரெக்டா ரெண்டு வயசு பெரியவன் சார்" என்றார் என்னிடம். பார்வையில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. மகளுக்கு ஒரு ஹீரோ தயாராகிவிட்டான். அவளோ கிரிக்கெட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே அவள் சார்பில் அப்பா பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. இது அவர் சொன்ன விளக்கம். மகளிடம் நான் இதைச் சொன்னபோது, "எனக்கு வேணாம் அங்கிள், அப்பாவே வச்சுக்கட்டும்" என்றாள்.

ஜூலை 5, சனிக்கிழமை. தாம்பரத்தில் ஒரு உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம், எங்களையும் அழைத்திருந்தார்கள். அன்றைக்கே இங்கிலாந்தில், வொர்செஸ்டரில், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டம். சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு லக்னப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையில் நம்மவர், மடியில் செல்போன், ஒரு காதில் ஒயர். மற்ற ஒயர் அவர் அப்பாவின் காதில். அந்தப் பையன் சூர்யவன்ஷி சிக்ஸர் சிக்ஸராக அடித்துக்கொண்டிருந்தான். அன்று மொத்தம் 143. முன்வரிசையிலிருந்து மருமகள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்ததைப் பெரியவர் கவனிக்கவில்லை. காதில் ஒயர் மாட்டியவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயர்கிறது என்பதும் தெரியாது. சாஸ்திரிகள் மாப்பிள்ளையின் கோத்திரத்தைச் சொல்லி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "நூறு ஆயிடுச்சாடா?" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது.