ஃபாஸ்டிங் எவ்வளவு?

சுகர் வந்த செய்தியைச் சொல்வதில் உள்ள பெரிய கஷ்டம், அதைக் கேட்டு யாரும் பதறுவதில்லை என்பதுதான். நெஞ்சுவலி என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வீட்டுக்கு வருவார்கள். சுகர் என்றால், "அப்படியா, எவ்வளவு?" 'எப்படி இருக்கே' என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

எனக்கு வெறும் வயிற்றில் 168. அது 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பது கணக்கு. திருநெல்வேலிச் சித்தப்பாவிடம் ஃபோனில் கொஞ்சம் தழுதழுத்த குரலில்தான் சொன்னேன்.

"ஃபாஸ்டிங்கா, சாப்பிட்டப்புறமாலே?"

"ஃபாஸ்டிங், சித்தப்பா."

"இதெல்லாம் ஒரு சுகராலே! எனக்கு மொத மொத பாக்கும்போதே முந்நூத்திப் பத்து. டாக்டரே எந்திரிச்சு நின்னுட்டாரு."

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றும் இதே குரலில்தான் என் மார்க்கைக் கேட்டார். அன்றைக்கும் அவர் வீட்டில்தான் அதிகம்.

சித்தப்பா பழைய கை. டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து கீரையும் மோருமாகக் கிடப்பார். ரிசல்ட் நார்மல் என்று வந்ததும் நேராக அல்வாக் கடை. இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டது எச்பிஏ1சி. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையைப் பார்த்தால் மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும் என்று விளக்கினார்களாம். "நம்ம ரத்தமே நம்மளக் காட்டிக் குடுக்குதுலே!" என்று இன்னமும் ஆறாமல் பேசுகிறார்.

அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம வம்சத்துலயே யாருக்கும் கெடையாதேப்பா" என்றாள்.

"அப்பாவுக்கு இருந்துச்சேம்மா?"

"அவுகளுக்கு லேசா."

அந்த லேசான சுகருக்கு அப்பா கடைசிவரை தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொண்டார். அம்மா சற்று யோசித்துவிட்டு, "அப்போ அவுக வழிதான்" என்றாள். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அத்தை பையோடு வந்தாள். வெந்தயம், ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் சிறுகுறிஞ்சான் இலையை நீட்டி மெல்லச் சொன்னாள். மென்றேன். உடனே ஒரு ஸ்பூன் சீனியை வாயில் போட்டாள். இனிப்பே இல்லை. நறநறவென்று வெறும் மணல்.

"பாத்தியா, சுகர் போயிடுச்சு!"

இனிப்பு நாக்குக்குத் தெரியாமல் சற்று நேரம் மறைப்பது அந்த இலையின் குணம். போனது நாக்கிலிருந்துதான். ரத்தத்தில் இருந்தது அப்படியே இருக்க, ஒரு ஸ்பூன் சீனி உபரியாகவும் உள்ளே போயிருந்தது.

பெரியம்மா உடன்குடிக் கருப்பட்டி அனுப்பினாள். சீனிதான் ஆகாது, கருப்பட்டி எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்பது அவள் கட்சி. டாக்டரைக் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான், நிறம்தான் வேறு என்றார். அதைப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"அந்த டாக்டருக்கு எந்த ஊரு?"

"கோயம்புத்தூர்."

"அதான்."

புதுச்சேரியில் இருக்கும் அத்தானுக்குப் புள்ளிவிவரம் என்றால் உயிர். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வில் நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று ஆரம்பித்தார். "தமிழ்நாட்டுல 14.4 சதவீதம்தான் மாப்ளே. எங்க ஊர்ல 26.3. கோவா மட்டும் 0.1-ல முந்திருச்சு." சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

இத்தனை பேரிடம் சொன்ன பிறகு கல்யாணப் பந்தியில் நானாக வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. "தம்பிக்குச் சுகர், ஜாங்கிரி வைக்காதீங்க!" என்று மண்டபத்தின் மறுகோடியிலிருந்து ஒரு மாமா கத்தினார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து இலைக்காரர் என் இலைக்கு வரவேண்டிய ஜாங்கிரியைத் தன் இலையில் வாங்கிக்கொண்டு, "எனக்கும் சுகர்தான் தம்பி. ராத்திரி ஒரு மாத்திரை கூடப் போட்டுக்குவேன், சரியாப் போயிரும்" என்றார். நம் ஊரில் பாதிப் பேர் கடைப்பிடிக்கும் வைத்தியம் இதுதான். மாத்திரையும் ஜாங்கிரியும் வயிற்றுக்குள் ராசியாகிவிடும் என்று எந்த டாக்டரும் சொன்னதாகத் தெரியவில்லை.

"ஃபாஸ்டிங் எவ்வளவு?" என்றார் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே.

வீட்டில் கடைசியாகச் சொன்னது நாலாம் வகுப்புப் படிக்கும் மகளிடம். பயந்துவிடப் போகிறாளே என்று பக்கத்தில் உட்காரவைத்து, கணையம், இன்சுலின், அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேண்டிங் என்று நிதானமாகச் சொன்னேன். அவர் பிறந்த நவம்பர் 14-ஐத்தான் உலக நீரிழிவு நாளாக வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"அன்னிக்குச் சில்ட்ரன்ஸ் டேப்பா. ஸ்கூல்ல மிட்டாய் குடுப்பாங்க."

"ஆமா, ரெண்டும் ஒரே நாள்தான்."

"அப்போ தீபாவளிக்கு உங்க லட்டும் எனக்கா?"

சுகர் வந்ததைக் கேட்டு மனதார மகிழ்ந்த ஒரே ஜீவன் அவள்தான். அதிரசத்தைப் பற்றி அவள் அம்மாவிடம் தனியாகப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.